கால்நடைகளுடன் வந்து பயன்பெறவும்

சிவகாசியில் எந்த நோட்டீஸும் புதிதாக எழுதப்படுவதில்லை. காதுகுத்து அழைப்பிதழ் வேண்டுமென்றால் போன மாதம் அடித்த காதுகுத்து ஃபைலைத் திறப்போம். குழந்தையின் பெயரை மாற்றுவோம், தேதியை மாற்றுவோம், தாய்மாமன் பெயரை மாற்றுவோம், பிரிண்ட் கொடுத்துவிடுவோம். தாய்மாமன் பெயரை மாற்ற மறந்துவிட்டால் ஒரு குடும்பத்தில் சண்டை வரும். (வந்திருக்கிறது.) அதையும் மறுபடி அடித்துக் கொடுத்து, ஒரு தினசரிக் காலண்டரை இலவசமாகக் கையில் திணித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் கடைசி வரி ஒன்றை அழிக்க மறந்ததால் ஒரு பசுமாடு உயிருக்குப் போராட, அதைக் காப்பாற்ற ஒரு கல்யாணக் குதிரையை வெள்ளத்தில் இறக்க வேண்டி வந்தது என்றால், அந்தப் பெருமை எங்கள் தொழிலில் எனக்கு மட்டுமே உண்டு.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஆடிப்பெருக்கில் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டால் பொங்கல் வரை காலண்டர் ஆர்டர் மூச்சுவிடவிடாது. அதற்குப் பிறகு சீசன் முடிந்துவிடும். மெஷினுக்கு ஓய்வு, எனக்குச் செல்போன். அப்படி ஒரு கோடையில்தான் அந்த வீடியோக்கள் என் கண்ணில் பட்டன. எங்கோ வெளிநாட்டில் குதிரையேறிக் காட்டோரம் போகிறார்கள். குதிரையை மரத்தில் கட்டிவிட்டு, பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். காலையில் தகரக் குவளையில் காபி குடித்தபடி மலையைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வீடியோ. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. எனக்கும் மலை இருந்தது. திருவில்லிபுத்தூர் பக்கம் போனால் நீளமாகப் படுத்திருக்கும். குதிரைதான் இல்லை.

குதிரை சிக்கந்தரிடம் இருந்தது. சிக்கந்தர் என்னோடு பாலிடெக்னிக் படித்தவன். விருதுநகரில் அவன் வீட்டுக்குப் பருத்திவிதை, புண்ணாக்கு வியாபாரம். குதிரை அவனுடைய சொந்த ஆசை. மல்லிகா என்று பெயர், வெள்ளைப் பெண்குதிரை, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும். அந்த வட்டாரத்தில் பாதி மாப்பிள்ளைகளின் கடைசிச் சுதந்திர நிமிடங்கள் அவள் முதுகில்தான் கழிந்தன.

"மாப்ளே, டவுன்காரங்க காசு குடுத்து வருவாகலே. குதிரையில ஏத்தி ஒரு சுத்து, கூடாரத்துல ஒரு ராத்திரி, காலையில காபி" என்றேன்.

"குதிரைக்குத் தோப்பும் கூடாரமும் ஒத்துக்கிடும். ஒனக்கு ஒத்துக்கிடுமா?" என்று கேட்டான். ஆனாலும் ஒப்புக்கொண்டான். மலையடிவாரத்தில் அவனுக்குத் தெரிந்தவரின் மாந்தோப்பு ஒன்று இருந்தது. தோப்பின் மேற்கே வனத்துறையின் அகழி, அதற்கு அந்தப் பக்கம் காடு. கிழக்கே ஒரு காட்டோடை, அதைத் தாண்டினால்தான் டவுனுக்குப் போகும் ரோடு. ஓடைக்கு இந்தப் பக்கமே சின்ன ஊர் ஒன்றும் இருந்தது.

அச்சகத்தில் பிறந்தவனுக்கு நோட்டீஸ் அடிக்காமல் எந்தக் காரியமும் தொடங்கியதாகத் தோன்றாது. "குதிரை முகாம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன். முகாம் என்றதும் கை தானாகப் போன மாதம் அடித்த ஒரு முகாம் ஃபைலைத் திறந்தது. அது கால்நடை மருத்துவ முகாம். டாக்டர் பெயரை அழித்தேன், இடத்தை மாற்றினேன், தேதியை மாற்றினேன், பசுமாட்டுப் படத்தை எடுத்துவிட்டு மல்லிகாவின் படத்தை வைத்தேன். ஆகா என்று தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டேன். (தலையைச் சாய்த்தால் கடைசி வரி தெரியாது.)

சிவகாசியிலும் விருதுநகரிலும் பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு கட்டு நோட்டீஸை, குதிரைக்குப் புல் ஏற்பாடு செய்யப்போன சிக்கந்தர் அடிவாரத்து ஊர்ப் பால் சொசைட்டியில் வைத்துவிட்டு வந்தான். புல் விற்கிறவர்களுக்கு விஷயம் தெரியட்டுமே என்ற நல்ல எண்ணம்தான்.

இவ்வளவு விளம்பரத்துக்கும் வந்த விருந்தினர்கள் இரண்டே பேர். விருதுநகரிலிருந்து ஒரு வங்கி மேனேஜரும் அவர் மனைவியும். சனிக்கிழமை சாயங்காலம் தோப்புக்கு வந்தோம். வனக்காவலர் ஒருவர் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார்.

"அகழிக்கு இங்கிட்டு இருந்துக்கோங்க. தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. கோடைக்காலம், நெருப்புப் பக்கமே போகக் கூடாது. எந்த ஊரு நீங்க?"

"சிவகாசிங்க."

"பையைத் திறந்து காட்டுங்க" என்றார். சோப்பு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார். சிவகாசிக்காரன் சட்டைப்பையில் சரவெடி இல்லாமல் வெளியூர் போகமாட்டான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அகழியோரப் பாதையில் மேனேஜரைக் குதிரையேற்றினோம். மல்லிகா நகரவில்லை. தட்டினோம், கெஞ்சினோம். சிக்கந்தர் தலையைச் சொறிந்தான். "ஆள் ஏறி உக்காந்தா இவளுக்கு மேளம் வேணும் மாப்ளே. வெடிச் சத்தம் கேட்டாலும் போதும். இல்லன்னா ஊர்வலம் ஆரம்பிக்கலன்னு நெனச்சுக்கிடுவா" என்றான். பிறகு செல்போனில் பதிந்து வைத்திருந்த கல்யாண மேளத்தைப் போட்டான். உடனே மல்லிகா கழுத்தை வளைத்து, முன்னங்காலை உயர்த்தி, ஆடத் தொடங்கினாள். மேனேஜர் மேலும் கீழும் குலுங்கியபடி மலையைப் பார்க்க முயன்றார். அவருடைய மனைவி அதை வீடியோ எடுத்தார். என் வாழ்க்கையின் முதல் குதிரைச் சவாரி முகாம் இப்படியாக அமோகமாகத் தொடங்கியது. அன்று இரவு மலைக்கு மேல் இடி இடித்தது. எங்களுக்குத் தூறல்கூட இல்லை, நன்றாகத் தூங்கினோம்.

காலையில் ஆட்டுச் சத்தத்தில் கண்விழித்தேன். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளாடு நின்று என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தோப்பு முழுக்க ஆடு, மாடு, கன்று, ஒரு கூடையில் கோழி. எல்லாம் வரிசையில் நின்றன. மேனேஜர் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்விட்டார்.

நான் வீடியோக்களில் பார்த்தபடியே முழங்கால் வரை பூட்ஸ், தலையில் தொப்பி, கடிவாளம் பிடிக்க வாங்கிய ரப்பர் கையுறையோடு வெளியே வந்தேன். கூட்டத்தில் ஒரு மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது.

"டாக்டரு சின்ன வயசா இருக்காகளே" என்றார் ஒருவர்.

"நான் டாக்டர் இல்லங்க" என்றேன்.

"அப்ப கம்பவுண்டரா?"

"இல்லங்க."

"சரி, டோக்கனாச்சும் குடுங்க. வெயிலுக்கு முந்தி திரும்பணும்ல."

மறுக்க மறுக்க எனக்குப் பதவி இறங்கிக்கொண்டே போனதே தவிர, யாரும் நகரவில்லை. "யாருங்க உங்களை வரச் சொன்னது?" என்று கேட்டேன். ஒருவர் மடியிலிருந்து என் நோட்டீஸை எடுத்து நீட்டினார். குதிரை முகாம். மல்லிகாவின் படம். நேர்த்தியான பார்டர். அடியில், தலை சாய்க்காமல் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில்: "பொதுமக்கள் அனைவரும் தங்கள் கால்நடைகளுடன் தவறாமல் வந்து பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

தவறாமல் வந்திருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிக்கந்தர் ஏற்கெனவே மல்லிகாவின் கழுத்தில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். பேச்சியம்மா என்று பிறகு தெரிந்தது.

"ஐயா, மத்தவுகள அப்பறம் பாத்துக்கிடலாம். என் மாடு படுத்துருச்சு. தலையீத்து. விடியக்காலமே தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சு, கன்னு வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்கய்யா."

நான் அவர் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு மாமரத்தடியில் செவலைப் பசு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை முக்கும்போதும் கழுத்தை நீட்டி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அம்மா, நான் நெசமாவே டாக்டர் இல்ல. இது மருத்துவ முகாம் இல்ல. நோட்டீஸ்ல தப்பா அடிச்சிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருட்டோட வண்டி பிடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். காலையில இங்கனயே டாக்டரு வாராகளேன்னு நின்னுட்டேன். இப்ப ஓடையில தண்ணி வந்துருச்சு. எங்கிட்டுப் போவேன்?" என்றார்.

மலையில் ராத்திரி பெய்த மழை ஓடை நிறைய வந்திருந்தது. அந்த மாடு அவருக்கு வீட்டில் ஒரு ஆள் மாதிரி என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். பேச்சியம்மாவின் மகள் ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருபவள். இனி அந்த வேலை வேண்டாம், மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு என்று சொல்வதற்காகவே இந்தக் கன்றை அவர் எதிர்பார்த்திருந்தாராம். அந்தக் கையுறையையும் தொப்பியையும் கழற்றி எங்கே எறிவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை, பழைய முகாம் நோட்டீஸின் புரூஃபை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் நான்தான். நம்பர் போனில் இருந்தது. தோப்பின் மேட்டில் ஏறி நின்றால் பேசுமளவுக்கு மட்டும் சிக்னல் கிடைத்தது.

"மேடம், சிவகாசி பிரஸ்ல இருந்து பேசுறேன்."

"டாக்டர் மலர்விழின்னு குடுத்ததை டாக்டர் மலர்வலின்னு அடிச்சது நீங்கதான?"

"ஆமா மேடம். இது அதைவிடப் பெரிய தப்பு மேடம்" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. மாடு எப்போது படுத்தது, என்ன வெளியே தெரிகிறது என்று மட்டும் கேட்டார். "ஒரு கால்தான் தெரியுது" என்றேன். "இன்னொரு கால் உள்ள மடங்கியிருக்கும். யாரும் இழுக்காதீங்க. வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

டாக்டர் ஸ்கூட்டரில் ஓடையின் அக்கரைக்கு வந்து சேர்ந்தார். தண்ணீர் தொடையளவு இருக்கும். அடியெல்லாம் வழுக்குப் பாறை, இழுப்பும் இருந்தது. மருந்துப் பெட்டி நனையக் கூடாது. சிக்கந்தர் கைலியை மடித்துக் கட்டி, மல்லிகாவைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினான். முதுகில் ஆள் இல்லாததால் அவள் சமர்த்தாக நடந்தாள். நடுவில் சிக்கந்தர் ஒருமுறை வழுக்கி எழுந்தான். அக்கரையில் டாக்டர் குதிரையைப் பார்த்துத் தயங்கினார். "படிக்கும்போது குதிரைக்கு ஊசி போட்டிருக்கேன். ஏறினதில்ல" என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. பாறை ஒன்றில் கால்வைத்து ஏறி, பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டார்.

மல்லிகா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

சிக்கந்தர் இடுப்பைத் தடவினான். மேளம் இருந்த செல்போன் ஓடையோடு போய்விட்டிருந்தது. "மாப்ளே, கல்யாணச் சத்தம் வேணும்லே! ஏதாச்சும் பண்ணு!" என்று இக்கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினான்.

என் போனில் பேச்சுக்குக் கிடைத்த சிக்னல் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. உலகத்துக்கே வெடி அனுப்புகிற ஊரில் பிறந்தவன், ஒரு ஓலைவெடிக்கு வழியில்லாமல் நின்றேன். (இருந்தாலும் கொளுத்தியிருக்க முடியாது. கூட்டத்தைப் பார்த்து மறுபடி வந்திருந்த வனக்காவலரும் கரையில்தான் நின்றார்.) சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். வாயாலேயே "டம் டம் பட பட" என்றேன். மேனேஜரும் அரைக்கால் சட்டையோடு வந்து "பட பட" என்றார். மல்லிகா ஒரு காதை மட்டும் திருப்பினாள். அப்படியொரு மட்டமான கல்யாணத்துக்கு அவள் வருவதாக இல்லை.

பின்னாலிருந்து மாட்டின் சத்தம் கேட்டது. முன்பைவிடச் சன்னமாக இருந்தது.

பேச்சியம்மா மாட்டின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார். கரையோரம், தண்ணீர் பாதத்தை நனைக்குமிடத்தில் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை வாயருகே வைத்துக் குலவை போட்டார்.

முதல் குலவை பாதியில் உடைந்தது. மறுபடி போட்டார். பக்கத்திலிருந்த பெண் சேர்ந்துகொண்டாள், அப்புறம் இன்னொருத்தி. ஆட்டுக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே கரையிலிருந்த பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். எத்தனையோ கல்யாண வீடுகளில் குலவை கேட்டிருக்கிறேன். பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி, சந்தோஷத்துக்குப் போடும் குலவையைப் போட்டு உதவி கேட்டதை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

மல்லிகா கழுத்தை வளைத்தாள். முன்னங்காலை உயர்த்தினாள். வெள்ளத்துக்குள் ஒவ்வொரு அடியாக, மாப்பிள்ளையை அழைத்து வரும் அதே ஒயிலோடு ஆடிக்கொண்டு வந்தாள். சிக்கந்தர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்றபடியே இருந்தார். குலவை நின்றால் குதிரையும் நிற்கும் என்பதால் யாரும் மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. இக்கரை வந்ததும் மல்லிகா மாப்பிள்ளைக்கு எடுக்கும் ஆலாத்திக்காக நின்றாள். டாக்டர் அதற்குக் காத்திருக்காமல் குதித்து மாமரத்தை நோக்கி ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன். டாக்டர் மண்ணில் படுத்து, கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த காலை நிமிர்த்தினார். கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். "மாடு முக்கும்போது மட்டும் இழுங்க. உங்க இஷ்டத்துக்கு இழுக்காதீங்க" என்றார். இழுத்தேன். திடீரென்று மல்லாந்து விழுந்தேன். என் பூட்ஸ் மேல் ஈரமாக, சூடாக ஏதோ விழுந்தது. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அது தும்மியது.

பேச்சியம்மா தரையில் உட்கார்ந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார். தாய் தலையைத் தூக்கிக் கன்றை நக்கத் தொடங்கியது.

வந்ததுதான் வந்தோம் என்று டாக்டர் கை கழுவிவிட்டு, மிச்சமிருந்த ஆடு மாடுகளையும் பார்த்தார். மேனேஜர் பழக்க தோஷத்தில் டோக்கன் எழுதிக் கொடுத்தார். மதியம் தண்ணீர் வடிந்ததும், கன்றுக்கு யார் பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தது. கிடேரிக் கன்று என்பதால் டாக்டர் பெயரையே வைக்கலாம் என்றார் பேச்சியம்மா.

"வேணாம்மா. என் பேரை இந்தத் தம்பி ஏற்கெனவே பண்ணினது போதும்" என்றார் டாக்டர்.

"தம்பி, ஒங்க பேரு என்ன?"

"கதிரேசன். ஆனா அது ஆம்பளப் பேரு..."

"கன்னுக்கு என்ன தெரியப்போகுது" என்றார் பேச்சியம்மா. முடிந்துவிட்டது.

நான் மறுபடி குதிரை முகாம் நடத்தவில்லை. அச்சகத்தில்தான் இருக்கிறேன், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் புரூஃப் பார்க்கிறேன். பேச்சியம்மா அவ்வப்போது போன் செய்வார். மகள் இப்போது பட்டாசுக் கம்பெனி வேனில் போவதில்லை என்று ஒருமுறை சொன்னார். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை எனக்கு, அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து காரியாபட்டிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் உள்ளே இருந்தாள். என் கையில் தட்டு இருந்ததால், ஒலித்த போனைச் சித்தப்பா எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எல்லாப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"தம்பி! நல்ல சேதி! கதிரேசன் சினையா இருக்கு! டாக்டரம்மா கைய விட்டுப் பாத்துச் சொல்லிட்டாக!" என்றது பேச்சியம்மாவின் குரல்.

கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டீஸில் தொடங்கி, ஓடை, குதிரை, குலவை என்று எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"எத்தனை மாசமாம்?"

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்றைக்கும் ராத்திரி இன்னொரு தோசை கேட்டால், கல்லில் மாவை ஊற்றாமல் என் வயிற்றைப் பார்த்து அதையேதான் கேட்கிறாள்.